இரண்டும் ஒண்ணுதானே?

போன பங்குனியில் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா என்னை மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போய் எலுமிச்சைச் செடியைக் காட்டினாள். "செடிக்கு அம்மை போட்ட மாதிரி இருக்குடா, பாரேன்." இலையில், காம்பில், பிஞ்சுக் காயில், எங்கும் கடுகு அளவில் செம்பழுப்புப் புள்ளிகள். துடைத்தால் போகவில்லை. நகத்தால் நெம்பியபோது ஒரு புள்ளி குட்டி மூடியைப் போலக் கழன்று வந்தது. அடியில் மஞ்சளாக ஏதோ ஒன்று. காலும் இல்லை, தலையும் இல்லை, அசைவும் இல்லை.

நான் மென்பொருள் ஆள். செடியைப் பற்றிக் கேட்டாலும் முதலில் போனைத்தான் எடுப்பேன். செயலி ஒரு படத்துக்குப் பூஞ்சை என்றது, இன்னொரு படத்துக்கு மாவுப்பூச்சி என்றது. மாவுப்பூச்சி எனக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர். அதனால் அதையே எடுத்துக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, இதை அடிங்க" என்று ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை அடித்தேன். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது புள்ளிகள் தண்டு முழுக்க இறங்கியிருந்தன.

'எல்லாம் ஒண்ணுதான்.' அந்த வாக்கியத்தைத் துரத்திக்கொண்டு போனதில் ஒரு பெரிய கதைக்குள் போய் விழுந்தேன். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களும், சீனத்தின் ஒரு பல்கலைக்கழகமும், லாகூரும் டெல்லியும், கடைசியில் நம்ம மெட்ராஸும் வருகிற கதை. அதில் பல பத்தாண்டுகளாக நடந்த தவறும் எங்கள் மாடியில் நான் செய்த தவறும் ஒரே ஜாதி.

*

மூடிக்கு அடியில் இருந்தது கவசச் செதில் பூச்சி. இந்தக் குடும்பத்தில் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு. நம் கதைக்கு வேண்டியது அயோனிடியெல்லா என்ற ஒரு பேரினம். பெர்லீஸ், லியோனார்டி என்ற இரு இத்தாலியர்கள் 1895இல் உருவாக்கிய பெயர். இதில் சுமார் முப்பது இனங்கள் இருக்கின்றன.

இதன் வாழ்க்கை விநோதமானது. பிறக்கும்போது ஆறு கால்கள் உண்டு. தூசியைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் குஞ்சு, தாயின் மூடிக்கு அடியிலிருந்து வெளியே வந்து சில மணி நேரம் நடக்கும். வாழ்நாளில் அது நடக்கிற நடை அவ்வளவுதான். பிடித்த இடத்தில் உட்கார்ந்து, தன் உடம்பைவிட நீளமான ஊசி வாயைச் செடிக்குள் இறக்கும். மெழுகு இழைகளைச் சுரந்து மேலே கூரை போட்டுக்கொள்ளும். முதல் தோலை உரிக்கும்போது கால்களும் போய்விடும். உரித்த தோலையும் வீணாக்காது, கூரையோடு சேர்த்து ஒட்டிக்கொள்ளும். அந்த மூடியை உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு வட்டம் தெரியும். அது அதன் குழந்தைப் பருவத்துத் தோல். பெண் பூச்சி சாகும்வரை அதே இடத்தில் இருந்தபடி நூறு, நூற்றைம்பது குஞ்சுகளைப் போடும். ஆணுக்கு மட்டும் கடைசியில் இறக்கை முளைக்கிறது. வாய் கிடையாது. ஒரு நாள் வாக்கில் வாழ்ந்து, ஒரு பெண்ணைத் தேடிச் சேர்ந்து, செத்துப்போகும்.

மாவுப்பூச்சியைப் போல இது தேன்போன்ற கழிவை வெளியேற்றுவதில்லை. பிசுபிசுப்பு இருக்காது. எங்கள் செடியில் பிசுபிசுப்பு இல்லை என்பதை நான் கவனித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மூடிக்கு அடியில் இருப்பதால் மேலே தெளிக்கிற மருந்தில் பாதிக்குமேல் இதைத் தொடவே தொடாது.

சரி, கலிஃபோர்னியாவுக்குப் போவோம்.

*

1873இல் ரிவர்சைடு என்ற சிற்றூரில் எலைசா டிபெட்ஸ் என்ற பெண்மணி நேவல் ஆரஞ்சுக் கன்றுகளை நட்டார். அடுத்த முப்பது வருடங்களில் தென் கலிஃபோர்னியாவே ஆரஞ்சுத் தோட்டமாக மாறியது. ஏறக்குறைய அதே காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த கன்றுகளில் ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வந்தது. பழத்தில், இலையில், கிளையில் சிவப்புப் புள்ளி. தாக்கம் அதிகமானால் கிளை காய்ந்து, மரமே போய்விடும்.

இந்தப் பூச்சிக்கு அதற்குள் ஒரு பெயர் கிடைத்திருந்தது. நியூசிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பதிவாளராக இருந்த வில்லியம் மாஸ்கெல், ஓய்வு நேரத்தில் செதில் பூச்சிகளை ஆராய்ந்தவர். 1879இல் அவர் இதற்கு அவுரான்டி என்று பெயர் வைத்தார். அவர் பார்த்த பழங்கள் சிட்னியிலிருந்து வந்தவை. பூச்சியின் பூர்வீகமோ தென் சீனப் பக்கம். இன்றைக்கு உலகம் இதை 'கலிஃபோர்னியா சிவப்புச் செதில்' என்கிறது. எங்கே தொல்லை கொடுத்ததோ அந்த ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒழிக்க என்ன வழி? 1886இல் லாஸ் ஏஞ்சலஸில் வுல்ஃப்ஸ்கில் குடும்பத்தின் தோட்டத்தில் டேனியல் கொக்விலெட் என்ற பூச்சியியலாளர், வேறொரு செதில் பூச்சிக்காக ஒரு பயங்கரமான வழியைக் கண்டுபிடித்தார். மரத்தின்மேல் முழுசாகக் கூடாரத்தைப் போர்த்தி, உள்ளே சயனைடு வாயுவை விடுவது. சிவப்புச் செதிலுக்கும் அதுவே மருந்தானது. வெயிலில் செய்தால் இலை கருகும் என்பதால் வேலை பெரும்பாலும் இரவில். விளக்கோடு ஆட்கள் வரிசையாகக் கூடாரங்களை இழுத்துப் போர்த்தி, ஜாடியில் அமிலத்தை ஊற்றி, சயனைடு கட்டியைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். பல பத்தாண்டுகள் இப்படித்தான் அமெரிக்கா ஆரஞ்சுச் சாறு குடித்தது.

1914 வாக்கில் கொரோனா என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். அதே அளவு சயனைடு, அதே கூடாரம், ஆனால் பூச்சி சாகவில்லை. ஆட்கள் சரியாக வேலை செய்யவில்லை என்றுதான் முதலில் பழி விழுந்தது. ஹென்றி குவேல் என்ற பூச்சியியலாளர் 1916இல் ஒரு கேள்வியை எழுப்பினார்: பூச்சியே சயனைடைத் தாங்கப் பழகிவிட்டதோ? 1941இல் டிக்சன் என்பவர் கலப்பினச் சோதனை செய்து, அந்தத் தாங்குதிறன் மரபணு வழியாகத் தலைமுறைக்கு இறங்குகிறது என்று காட்டினார். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு பூச்சிக்கும் துளி வித்தியாசம் கிடையாது. ஒன்று சயனைடில் சாகும், மற்றொன்று சாகாது.

பார்ப்பதற்கு ஒன்று, உண்மையில் இரண்டு. இந்தக் கதை முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

*

இன்னொரு வழியும் இருந்தது. 1888இல் ஆல்பர்ட் கோபெலே ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஒரு பொறிவண்டைக் கொண்டுவந்தார். பஞ்சுச் செதில் என்ற வேறொரு பூச்சியை அது ஒன்றிரண்டு வருடத்தில் அடக்கிவிட்டது. தோட்டக்காரர்களுக்கு அது ஒரு அதிசயம். அப்படியானால் சிவப்புச் செதிலுக்கும் அதன் பூர்வீக ஊரில் ஒரு எதிரி இருக்க வேண்டும், போய்ப் பிடித்து வாருங்கள் என்றார்கள். கோபெலே மறுபடி போனார். கொண்டுவந்த வண்டுகளால் பெரிய பலன் இல்லை. அவருக்குப் பிறகு ஜார்ஜ் கம்பியர் போனார். மேற்கு ஆஸ்திரேலியாவுக்காகவும் கலிஃபோர்னியாவுக்காகவும் சீனம், ஜப்பான் என்று அலைந்து பூச்சிகளைப் பெட்டி பெட்டியாக அனுப்பிய மனிதர். அவர் அனுப்பிய ஒரு குளவிக்கு 1906இல் அவர் பெயரையே வைத்தார்கள்: கம்பீரியெல்லா.

இங்கேதான் தவறுகள் ஆரம்பிக்கின்றன.

முதல் தவறு இரையைப் பற்றியது. அயோனிடியெல்லாவில் சிட்ரினா என்று ஒரு இனம் உண்டு. மஞ்சள் செதில். அதுவும் ஆரஞ்சு மரத்தில்தான் இருக்கும், ஆனால் இலையையும் பழத்தையும் விட்டுக் கிளைக்கு அதிகம் போகாது. 1891இல் கொக்விலெட் பெயர் வைத்தபோது, சிவப்புச் செதிலின் ஒரு வகை என்றே நினைத்தார். ஜப்பானில் டாக்ஸஸ் என்று இன்னொரு உறவினர் உண்டு, அதற்கு இடம் வேறு மரங்கள். தேடிப் போனவர்களின் கண்ணுக்கு எல்லாமே சிவப்புச் செதில். அவற்றின்மேல் வாழ்ந்த குளவிகளைச் சேகரித்து அனுப்பினார்கள். 1920களில் ஜப்பானிலிருந்து வந்த கம்பீரியெல்லா, கலிஃபோர்னியாவின் மஞ்சள் செதிலில் நன்றாகப் பெருகியது. சிவப்புச் செதிலைத் தொடவில்லை. குளவிக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது, அதை அனுப்பிய நிபுணர்களுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது தவறு குளவியைப் பற்றியது. அதுதான் பெரிது. அஃபைடிஸ் என்றொரு குளவிப் பேரினம் இருக்கிறது. நீளம் ஒரு மில்லிமீட்டர், நிறம் மஞ்சள். பெண் குளவி செதில் பூச்சியின் மூடியைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கும். பொரித்த புழு பூச்சியை உறிஞ்சித் தீர்த்துவிடும். 1900 வாக்கிலேயே இதில் ஒரு இனம் கலிஃபோர்னியாவில் இருந்தது. யாரும் கொண்டுவரவில்லை, எப்படியோ தானாக வந்துவிட்டது. கிரைசோம்ஃபாலி என்று பின்னால் பெயர் பெற்றது. சுமாரான குளவி. கடற்கரைப் பக்கம் கொஞ்சம் வேலை செய்யும், உள்ளே தள்ளிப்போனால் தாக்குப்பிடிக்காது.

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க, கிழக்கு நாடுகளில் சிவப்புச் செதிலைத் தின்னும் மஞ்சள் குளவிகளை ஆட்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். நிபுணர்கள் பார்த்தார்கள், கிரைசோம்ஃபாலி என்றார்கள், மூடி வைத்தார்கள். நம்மிடம்தான் இது ஏற்கெனவே இருக்கிறதே, எதற்கு மறுபடி?

அவை கிரைசோம்ஃபாலி இல்லை.

*

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நடந்தேன். காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர் தரவுத்தளத்தில் இருக்கும் இரட்டைப் பதிவுகளை நீக்கும் ஸ்கிரிப்டை எழுதினேன். பெயர், பிறந்த தேதி, ஊர் மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று சேர்த்துவிடும். ஒரே இரவில் ஆயிரக்கணக்கான பதிவுகள் குறைந்தன. மீட்டிங்கில் கைதட்டினார்கள். பல மாதங்கள் கழித்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். அவர் வாங்காத கடனுக்கு அவர் பெயரில் பாக்கி காட்டுகிறது, அதனால் அவருக்குக் கிடைக்க வேண்டிய கடன் மறுக்கப்பட்டுவிட்டது. அதே பெயர், அதே பிறந்த தேதி, அதே ஊரில் இன்னொரு பெண். இரண்டு பேரை நான் ஒருவராக்கியிருந்தேன். பழைய பேக்கப்பைத் தோண்டிப் பிரித்தெடுக்க மூன்று நாள் ஆனது. அதற்குள் அந்தப் பெண் எதற்காகக் கடன் கேட்டாரோ அந்தக் காரியம் கைவிட்டுப் போயிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "நான்னு ஒருத்தி தனியா இருக்கேன்னு உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாதா சார்?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. ஒருவரை இருவர் என்று பதிவு செய்தால் வேலை இரட்டிப்பாகும், கடிதம் இரண்டு போகும், எங்கேயோ ஒரு இடத்தில் யாராவது கவனித்துவிடுவார்கள். இருவரை ஒருவர் என்று பதிவு செய்தால் ஒரு ஆள் காணாமல் போகிறார். காணாமல் போனவரைத் தேட வேண்டும் என்றே யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் பட்டியலில் எந்த ஓட்டையும் தெரியாது.

சீனத்துக் குளவிக்கும் அதுதான் நடந்தது.

*

முதல் முடிச்சை அவிழ்த்தவர் ஹோவர்ட் மெக்கென்ஸி. 1937, 1938இல் அயோனிடியெல்லா இனங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். மூடியையோ நிறத்தையோ பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது. பூச்சியைக் காரக் கரைசலில் ஊறவைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியேற்றி, கண்ணாடிபோல ஆன வெறும் தோலைச் சாயமேற்றி ஸ்லைடில் பரப்ப வேண்டும். அப்புறம் உடம்பின் கடைசி நுனியில் இருக்கும் தகடுகள், துளைகள், மடிப்புகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சிவப்புச் செதிலின் பெண்ணில், பிறப்புவாயருகே தடித்த நுண்ணிய அமைப்புகள் இருப்பதை அவர் அடையாளமாகக் காட்டினார். மஞ்சள் செதிலைப் பிரிக்க அது போதுமானதாக இருந்தது. இரண்டும் வேறு வேறு என்பது அப்போதுதான் சந்தேகமில்லாமல் நிலைபெற்றது.

இரண்டாவது முடிச்சில் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. சீனத்தில் அலைந்த ஜார்ஜ் கம்பியரின் மகன் ஹெரால்ட் கம்பியர். ரிவர்சைடில் இருந்த எலுமிச்சையின ஆராய்ச்சி நிலையத்தில் குளவி வகைப்பாட்டியலில் வாழ்நாளைக் கழித்தவர். 1947இல் தென் சீனத்தின் லிங்னான் பல்கலைக்கழகத்தில் இருந்த லின்ஸ்லி கிரெசிட் சில குளவிகளை அனுப்பிவைத்தார். பார்வைக்கு அதே பழைய மஞ்சள் குளவி. ஆனால் இந்த முறை உயிரோடு வளர்த்துப் பார்த்தார்கள். பழைய கிரைசோம்ஃபாலியில் ஏறக்குறைய எல்லாமே பெண், ஆண் இல்லாமலே பெருகும். இதிலோ ஆணும் பெண்ணும் கலந்து இருந்தன. வளர்ந்த குளவியில் பிடிபடாத வேறுபாடு கூட்டுப்புழுவின் நிறத்தில் தெரியும் என்பதும் மெல்ல மெல்லப் பிடிபட்டது. காய்ந்துபோன குளவியை மட்டும் பெட்டியில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? பெயர் வைக்கும்வரை அதை 'அஃபைடிஸ் ஏ' என்றே அழைத்தார்கள். 1955இல் ஹெரால்ட் கம்பியர் அதற்கு லிங்னானென்சிஸ் என்று பெயரிட்டார். 1961இல் சிவப்புச் செதிலையும் அதன் எதிரிகளையும் பற்றி ஒரு நீண்ட ஆய்வை எழுதினார். தந்தையின் தலைமுறை தேடியலைந்ததன் கணக்கை மகன் உட்கார்ந்து சரிபார்த்த மாதிரி இருக்கிறது.

அதே நிலையத்தில் பால் டிபாக் இருந்தார். 1948இலிருந்து லிங்னானென்சிஸைத் தோட்டங்களில் விட்டார்கள். பத்து வருடத்துக்குள் பெரும்பாலான இடங்களில் அது பழைய குளவியின் இடத்தைப் பிடித்துவிட்டது. உள்நாட்டு வெயிலிலும் குளிரிலும் மட்டும் கொஞ்சம் திணறியது. 1956, 57இல் வட இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இன்னொரு மஞ்சள் குளவி வந்தது. 1959இல் டிபாக் அதற்கு மெலினஸ் என்று பெயர் வைத்தார். எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே குளவிதான் இருந்தது. நான்கைந்து வருடத்துக்குள் உள்நாட்டுத் தோட்டங்களில் அது லிங்னானென்சிஸையும் தள்ளிவிட்டது. கடலோரம் மட்டும் லிங்னானென்சிஸ் நின்றது. இன்றைக்கும் மெலினஸை வளர்த்து விற்கும் பண்ணைகள் இருக்கின்றன. பூசணிக்காயில் வேறொரு செதில் பூச்சியைப் பரப்பி, அதன்மேல் குளவியைப் பெருக்குகிறார்கள்.

டிபாக் செய்த ஒரு சோதனைதான் என்னை மாடியை நோக்கித் திருப்பியது. குளவிகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா என்று பார்க்க, அவர் சில மரங்களுக்கு மட்டும் லேசாக டிடிடி தெளித்தார். அது செதில் பூச்சியை அதிகம் பாதிக்காது, குளவியைக் கொன்றுவிடும். தெளித்த மரங்களில் சிவப்புச் செதில் பெருகி வழிந்தது. தெளிக்காத பக்கத்து மரங்கள் நன்றாக இருந்தன. மருந்தடித்தால் பூச்சி கூடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான படம் கிடையாது.

அன்று இரவு போனில் பழைய படங்களைத் தேடி எடுத்தேன், மருந்தடிப்பதற்கு முன் எடுத்தவை. பெரிதாக்கிப் பார்த்தேன். மூடிகள் பலவற்றில் ஊசி முனையால் குத்தியதுபோல வட்டமான ஓட்டை. உள்ளிருந்து ஏதோ கடித்துக்கொண்டு வெளியே போயிருக்கிறது. எங்கள் செடியில் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் போய் நிறுத்தியிருக்கிறேன்.

*

அயோனிடியெல்லாவில் நம் ஊரோடு பெயர்த் தொடர்புள்ள ஒன்றும் இருக்கிறது. 1894இல் கல்கத்தாவிலிருந்து வந்த 'இந்தியன் மியூசியம் நோட்ஸ்' இதழில் மெட்ராஸின் செதில் பூச்சிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர் ராபர்ட் நியூஸ்டெட், இங்கிலாந்தின் செஸ்டர் நகரத்து அருங்காட்சியகக் காப்பாளர். மெட்ராஸிலிருந்து போன மாதிரிகளை வைத்து அவர் பெயரிட்டவற்றில் ஒன்று ஓரியன்டாலிஸ். இன்று அயோனிடியெல்லா ஓரியன்டாலிஸ், கீழை மஞ்சள் செதில். உலகத்தில் எங்கே இந்தப் பூச்சி கிடைத்தாலும், அது அதுதானா என்று கேட்டால் கடைசியில் மெட்ராஸ் மாதிரிக்குத்தான் வந்து சேர வேண்டும்.

இது பப்பாளி முதல் வேம்பு வரை பல மரங்களில் வாழும். நம் ஊர் வேம்பில் இதைப் பார்த்து யாரும் பதறியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வேம்பை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பாலைவனத்தின் ஓரத்தில் நிழலுக்கும் விறகுக்கும் காற்றுத் தடுப்புக்கும் அதுவே மரமானது. பின்னாளில் இந்தச் செதிலும் அங்கே போய்ச் சேர்ந்தது. 1980களில் சாட் ஏரியைச் சுற்றியிருக்கும் நாடுகளில் வேப்ப மரங்கள் இலை பழுத்துக் கருகின. நாம் பூச்சியை விரட்ட அரைத்துத் தெளிக்கிற வேம்பையே ஒரு பூச்சி உறிஞ்சிக் காயவைத்தது. மரம் போன ஊரில் அதன் எதிரிகள் போய்ச் சேரவில்லை என்றால் என்ன நடக்கும் என்பதை கலிஃபோர்னியா ஏற்கெனவே காட்டியிருந்தது.

எங்கள் எலுமிச்சை பிழைத்துவிட்டது. அதிகம் தாக்கிய கிளைகளை வெட்டி எரித்தேன். தண்டைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். அதற்குமேல் எதுவும் செய்யவில்லை. ஆடி மாதம் போனபோது புது மூடிகளில் மறுபடி ஓட்டைகள் தெரிந்தன.

"பேரு கண்டுபிடிச்சியா?" என்று அம்மா கேட்டாள்.

அந்தப் படங்கள் இருக்கும் கோப்புறைக்கு 'அயோனிடியெல்லா' என்று பெயர் வைத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். குளவிக்கு இன்னும் அதுகூட இல்லை. ஸ்லைடு போடாமல் சொல்லக்கூடாது என்றேன். அவளுக்கு ஸ்லைடு புரியவில்லை, ஆனால் தலையாட்டினாள். ஓட்டை விழுந்த மூடிகள் இருந்த இலையைப் பறிக்கப் போனவள் கையை எடுத்துக்கொண்டு, "சரி, இருக்கட்டும்" என்றாள்.